தகரப் புனலும் காய்கறிப் புத்தகமும்

வாத்தியாரைக் கேளுங்கள்

கேள்வி: என் மகள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். வரும் ஜூலை விடுமுறையில் நானும் கணவரும் அவளைப் பார்க்கப் போகிறோம். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கலூகா என்ற ஊரில் உலகத்தின் முதல் விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறதாம், அதற்கு ஒரு நாள் ஒதுக்கச் சொல்கிறாள். ‘ராக்கெட் பார்க்க அவ்வளவு தூரமா, டிவியில் பார்த்தால் போதாதா’ என்கிறார் கணவர். நீங்கள் அங்கே போயிருப்பதாக ஒரு முறை எழுதியிருந்தீர்கள். போகலாமா? (வாசகி, பீனிக்ஸ்)

போங்கள் அம்மா. வரமாட்டேன் என்றாலும் அவரை இழுத்துக்கொண்டு போங்கள். ராக்கெட்டுக்காக இல்லை, வேறொன்றுக்காக. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் போனது 2018 இல். கால்பந்து உலகக் கோப்பையைச் சாக்கு வைத்து என் மகன் கூட்டிப் போனான். நம் தென்னாப்பிரிக்க அணி பஃபானா பஃபானா தகுதியே பெறவில்லை, அதனால் யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல் எல்லாருக்காகவும் கத்தினான். பந்தாட்டம் அவனுக்கு, கலூகா எனக்கு என்று சாட்ஸ்வொர்த்தில் புறப்படும்போதே ஒப்பந்தம் போட்டிருந்தோம். மாஸ்கோவின் கியெவ்ஸ்கி நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் கலூகா. தூரம் சுமார் 180 கிலோமீட்டர். டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க் போய்த் திரும்புவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

தலைநகரை விட்டுவிட்டு இந்தச் சின்ன ஊரில் ஏன் கட்டினார்கள் என்று உங்கள் கணவர் கேட்பார். இங்கேதான் சியோல்கோவ்ஸ்கி என்ற பள்ளிக்கூட வாத்தியார் வாழ்ந்தார். 1857 இல் பிறந்தவர். பத்து வயதுவாக்கில் செங்காய்ச்சல் கண்டு காது மந்தமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கேட்டுப் படிக்க முடியாததால் புத்தகத்தை வைத்துத் தானே படித்தார். 1892 இல் கலூகாவுக்கு மாற்றலாகி வந்து கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்தார். ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்குப் போவது கணக்குப்படி சாத்தியம் என்று 1903 இல் ஒரு கட்டுரை எழுதினார். ரைட் சகோதரர்களின் விமானம் தரையை விட்டு எழும்பியதும் அதே வருடம்தான்.

அந்தக் கணக்கை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எவ்வளவு வேகம் வேண்டுமோ அதற்கு ஏற்றபடி கலத்தின் எடைக்கு எதிரே தேவைப்படும் எரிபொருளின் எடை ஏறிக்கொண்டே போகும், அதுவும் சும்மா ஏறாது, மடங்கு மடங்காக ஏறும். அருங்காட்சியகத்துக்கு வெளியே வஸ்தோக் ராக்கெட் ஒன்றை 38 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வகை ராக்கெட் கிளம்பும்போது கிட்டத்தட்ட 287 டன். மேலே போய்ச் சுற்றும் கலம் 4.7 டன். மிச்சத்தில் பெரும்பகுதி எரிந்து தீர்வதற்காகவே சுமந்து போவது. நான் 31 வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டிய சூத்திரம் அது. பின்வரிசைப் பையன்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டதை அங்கே அண்ணாந்து, கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டிய கதை இப்படி. ககாரின் முதல் மனிதராக விண்வெளிக்குப் போய் வந்தது 1961 ஏப்ரல் 12. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 13 அன்று, அவரே கலூகாவுக்கு வந்து அடிக்கல் நாட்டினார். ராக்கெட்டுகளை வடிவமைத்த கொரல்யோவும் இந்த அருங்காட்சியகத்துக்காக முனைந்து நின்றவர். ஆனால் அவர் பெயர் அப்போது அரசாங்க ரகசியம். உலகத்துக்கே தெரியாத ஒரு மனிதர் உலகம் பார்க்க ஒரு காட்சிச்சாலை அமைக்கப் பாடுபட்டார் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. திறப்பு விழா 1967 அக்டோபர் 3 இல் நடந்தது, முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கின் பத்தாவது ஆண்டு நிறைவுக்கு முதல் நாள். கொரல்யோவ் அதைப் பார்க்கவில்லை. 1966 ஜனவரியிலேயே போய்விட்டார். அடிக்கல் நாட்டிய ககாரினும் திறப்பு விழா முடிந்து ஆறு மாதத்துக்குள் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

உள்ளே போனதும் உங்கள் மகள் ஆளுயர மாதிரிகளையும் இயந்திரங்களையும் காட்டுவாள். எல்லாவற்றையும் பாருங்கள், ஆனால் காலில் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைத்துக்கொண்டு வஸ்தோக் 5 என்ற கலத்தின் உருண்டைக்கு முன்னால் நில்லுங்கள். அது மாதிரி இல்லை. நிஜமாகவே போய் வந்தது. 1963 ஜூன் 14 முதல் 19 வரை பைகோவ்ஸ்கி என்பவர் அதற்குள் தனியாக உட்கார்ந்து கிட்டத்தட்ட ஐந்து நாள் பூமியைச் சுற்றினார். தனியாளாகப் பறந்ததில் அவர் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. குறுக்களவு 2.3 மீட்டர். நம் வீட்டுக் குளியலறையைவிடச் சின்னது. வெளிப்புறமெல்லாம் கருகி, செதில் செதிலாக எழும்பி, சில இடங்களில் காப்புப் பூச்சு வழித்தெடுத்த மாதிரி போயிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் பெரிய பாத்திரத்தின் அடி. விறகடுப்பில் நாள் முழுக்க வெந்த அடி. ஆயா தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தக் கறுப்பு.

இன்னொரு சங்கதி. இந்த உருண்டைக்குள் உட்கார்ந்தபடியே அவர்கள் தரை இறங்கவில்லை. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே தூக்கியடிக்கப்பட்டு, தனிப் பாரசூட்டில் வந்து இறங்கினார்கள். விமானி தன் கலத்திலேயே இறங்கினால்தான் சாதனைப் பதிவு செல்லும் என்று அப்போது விதி இருந்ததால், சோவியத் தரப்பு இதைப் பல வருடம் மூடி மறைத்தது.

சரி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பெரிய கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள். அந்த வாத்தியார் குடியிருந்த மரவீடு ஓக்கா ஆற்றுப் பக்கம் இருக்கிறது, நடக்கக்கூடிய தூரம்தான். 1904 இல் வாங்கிய வீடு. 1908 வெள்ளத்தில் ஆறு உள்ளே புகுந்து அவர் எழுதி வைத்திருந்தவற்றில் நிறையப் பாழாகிவிட்டது. அப்புறம்தான் மேலே ஒரு மாடி எழுப்பிக்கொண்டார். மாடியிலிருந்து கூரைமேல் திறக்கிற ஒரு கதவு உண்டு, அதற்கு அவர் வைத்த பெயர் ‘விண்வெளிக்குப் போகும் கதவு’. 1935 செப்டம்பர் 19 இல் இறந்தார். மறு வருடம் அதே நாளில் வீட்டை நினைவு இல்லமாகத் திறந்தார்கள். ராக்கெட் அருங்காட்சியகத்துக்கு மூத்த பிள்ளை இந்த வீடுதான். 1941 இல் ஜெர்மானியர் ஊரைப் பிடித்துவைத்திருந்தபோது சிப்பாய்கள் இதில் தங்கி நாசம் செய்தார்கள். பிறகு திருத்தி எடுத்தார்கள்.

அந்த வீட்டில் தகரப் புனல்கள் இருக்கின்றன. காது கேட்பதற்காக அவரே வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்துகொண்டவை. மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலைக் கொஞ்சம் நீட்டி வளர்த்தது போல இருக்கும். சின்ன முனை காதுக்கு, அகன்ற வாய் பேசுகிறவருக்கு.

என் இடது காது ஐம்பது வயதுக்கு மேல் மெல்ல மெல்ல விடைபெற்றுக்கொண்டது. பையன்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். இடது பக்கம் உட்கார்ந்தவன் எது கேட்டாலும் நான் ‘சரி, சரி’ என்று தலையாட்டுவேன். அப்படி ஒரு நாள் வகுப்பு முழுவதற்கும் அரைநாள் விடுமுறை கொடுத்துவிட்டேனாம். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. பிறகு ஒரு கடையில் காது மெஷின் வாங்கினேன். கோயிலில் நாதஸ்வரம் எழும்பினால் தானும் கூடச் சேர்ந்து விசில் அடிக்கும். பாதி நாள் சட்டைப்பையில்தான் கிடக்கும். அந்த மெஷினைப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் புனலுக்கு எதிரே நின்றேன். புனலின் ஓரமாகத் தகரம் தகரத்தோடு சேர்ந்த ஒட்டுத் தெரிந்தது. நேராக இல்லை, கொஞ்சம் கோணல்தான். வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்ட பிள்ளையின் முன்னால் போய், இந்த வாயை அதன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருப்பார். மகன் வந்து தோளைத் தட்டி, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றான். அவன் இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறான், எனக்குக் கேட்கவில்லை.

போகிற விவரம்: 2017 முதல் நம் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை ரஷ்யாவுக்கு விசா வேண்டாம். ஆனால் 2022 இலிருந்து நம் ஊர் வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை, பணமாகக் கொண்டு போங்கள். போர் நடக்கிற காலம், அதனால் டிக்கெட் எடுக்கும் முன் மகளிடமும் நம் வெளியுறவுத் துறையிடமும் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போனபோது இரண்டாவது கட்டடம் பாதியில் நின்றுகொண்டிருந்தது. 2021 ஏப்ரலில் அதையும் திறந்துவிட்டார்கள். ஆகவே நான் பார்த்ததைவிட நீங்கள் கூடப் பார்ப்பீர்கள்.

கேள்வி: மியூசியத்தில் நிற்கிற ராக்கெட் எல்லாம் நிஜமா, டம்மியா? எல்லாமே பிளாஸ்டர் என்கிறான் என் அண்ணன். (7ஆம் வகுப்பு மாணவன், டோங்காட்)

உன் அண்ணன் சொல்வதில் கால்வாசி சரி, தம்பி. காட்சிக்கு இருப்பவை மூன்று ஜாதி. போய் வந்தவை, போவதற்காகச் செய்து போகாமல் நின்றவை, பார்ப்பதற்கென்றே செய்தவை. முதல் ஜாதிதான் அபூர்வம். ஏனென்றால் ராக்கெட்டின் பெரும்பகுதி கடலில் விழுந்து போகும் அல்லது எரிந்து போகும். 1957 இல் பறந்த ஸ்புட்னிக் மூன்றே மாதத்தில் காற்றில் எரிந்துவிட்டது. ஆகவே நான்கு மீசையோடு எந்த மியூசியத்தில் அந்தப் பந்தைப் பார்த்தாலும் அது பறந்த பந்து இல்லை.

சந்திரனுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 இல் மூன்று மிச்சம் இருக்கின்றன. ஹூஸ்டன், ஹன்ட்ஸ்வில், ஃப்ளோரிடாவின் கென்னடி மையம். ஹூஸ்டனில் இருப்பது பிளாஸ்டர் இல்லை. முழுக்க முழுக்கப் பறப்பதற்கென்றே செய்த பாகங்கள். கடைசிச் சந்திரப் பயணங்களுக்குப் பணம் இல்லை என்று நிறுத்திவிட்டதால், 111 மீட்டர் நீள ராக்கெட் 1977 இலிருந்து புல்தரையில் படுத்துக் கிடந்தது. மழை, வெயில், பாசி, பறவைக் கூடு எல்லாம் வந்தன. முப்பது வருடம் நெருங்கும்போதுதான் மேலே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். வாஷிங்டனுக்கு வெளியே நிற்கிற டிஸ்கவரி விண்வெளி ஓடம் போய் வந்த ஜாதி. 39 தடவை. பக்கத்தில் போனால் ஓடுகள் அழுக்காகத்தான் இருக்கும். கண்டுபிடிக்கும் வழி அதுதான்: பளபளப்பாக இருந்தால் சந்தேகப்படு.

நம் நாட்டிலும் போகாமல் நின்ற ஒன்று இருக்கிறது. பிரிட்டோரியா ஸ்வார்ட்கோப்பில் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் ஆர்எஸ்ஏ 3 என்ற ராக்கெட்டைப் பார்க்கலாம். பழைய அரசாங்கம் ஏவுகணைக் கனவோடு செய்தது. ஒரு துணைக்கோளைக்கூட ஏற்றாமல் 1990களின் தொடக்கத்தில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் போய்ப் பார், அண்ணனையும் கூட்டிப் போய்த் தட்டிக் காட்டு. காவலர் பார்க்காதபோது என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர் குழு மண்டபத்தின் ஒரு மூலையில் பிள்ளைகளுக்கு ஒரு சிறு அறிவியல் காட்சி வைக்க நினைக்கிறது. ‘இதெல்லாம் அரசாங்கம் செய்கிற வேலை, நமக்கு எதற்கு’ என்கிறார்கள் பெரியவர்கள். (குழுச் செயலாளர், மெர்பேங்க்)

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் என்று ஓர் ஊர். கோதுமை வயல் நடுவே இருக்கிறது, கடலும் இல்லை, ஏவுதளமும் இல்லை. அங்கே பேட்டி கேரி என்ற அம்மா 1962 இல் ஒரு பழைய கோளரங்கக் கருவியை வாங்கி, வாடகை நாற்காலிகளைப் போட்டு, நட்சத்திரம் காட்ட ஆரம்பித்தார். இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? மாநிலக் கண்காட்சித் திடலில், கோழிகளைக் காட்டுகிற கொட்டகையில். அந்தக் கோழிக் கொட்டகை இன்று காஸ்மோஸ்ஃபியர் என்ற பெரிய விண்வெளி அருங்காட்சியகம். பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் மண்டபத்தில் கோழி வாசனைகூட இல்லை.

அங்கே இருப்பவற்றில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று அப்போலோ 13 இன் கலம், சந்திரனுக்குப் போகிற வழியில் விபத்து நேர்ந்தும் மூன்று பேர் உயிர் பிழைத்து வந்தது. திரும்பி வந்ததும் அதன் உள்பாகங்களைக் கழற்றி ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள், வெற்றுக் கூட்டைப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். பாகம் பிரித்த பரம்பரைச் சொத்து மாதிரி. அதையெல்லாம் தேடிச் சேர்த்து மறுபடி ஒரே கலமாக்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். இரண்டாவது லிபர்ட்டி பெல் 7, ஒற்றை ஆள் போய் வந்த அமெரிக்கக் கலம். 1961 ஜூலை 21 அன்று கடலில் இறங்கியதும் கதவு தானே திறந்துகொண்டு மூழ்கிவிட்டது. 38 வருடம் கழித்து, 1999 இல், கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தூக்கினார்கள். சுத்தம் செய்தபோது உள்ளே சேற்றில் பத்து சென்ட் காசுகள் கிடைத்தன. ஞாபகப் பொருளாகக் கொடுக்கலாம் என்று பயணத்தில் கூடவே போனவை.

ஒரு எச்சரிக்கையும் இதே இடத்திலிருந்து வருகிறது. அங்கே தலைவராக இருந்த ஒருவர் அருங்காட்சியகப் பொருட்களைத் தன் சொந்தச் சேகரிப்பு மாதிரி விற்றார் என்று 2005 இல் நீதிமன்றம் குற்றவாளியாகத் தீர்த்தது. ஆகவே முதல் நாளே ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். எந்தப் பொருள், யார் கொடுத்தது, என்றைக்கு, இனாமா இரவலா. கோயில் உண்டியல் கணக்கு எழுதுகிறவரிடமே அதையும் கொடுங்கள், அவர் ஒரு சென்ட்டும் விடமாட்டார்.

கேள்வி: விண்வெளியிலிருந்து நம் நாட்டில் ஏதாவது விழுந்திருக்கிறதா? (வாசகர், கேப் டவுன்)

உங்கள் வாசலிலேயே விழுந்தது ஐயா. 2000 ஏப்ரல் 27, விடுதலை நாள். நான்கு வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு டெல்டா 2 ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் காற்றில் இறங்கி உடைந்து, துண்டுகள் மேற்கு கேப்பில் விழுந்தன. டர்பன்வில் பக்கம் எஃகு எரிபொருள் தொட்டி, வூஸ்டர் பக்கம் டைட்டேனியம் உருண்டை. யார் தலையிலும் விழவில்லை. எரியாமல் தப்பித்தது ஏன் என்றால் இரண்டும் சூட்டுக்குச் சளைக்காத உலோகங்கள், உள்ளே வெறும் கூடு, அதனால் வேகமும் சீக்கிரம் குறைந்துவிடும்.

கேள்வி: என் கணவர் காய்கறி வியாபாரி. 1960களில் ஜோஹன்னஸ்பர்க் சந்தையிலிருந்து சரக்கு எடுத்து, ஹார்ட்டபீஸ்ட்ஹூக்கில் அமெரிக்கர் நடத்திய விண்வெளி நிலையத்துக்கும் அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கும் வண்டியில் போட்டு வந்தார். போன வருடம் காலமானார். அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் அவருடைய பில் புத்தகம் மூன்று, பெரிய கிண்ண ஆன்டெனாவுக்கு முன்னால் வண்டியோடு நிற்கிற போட்டோ இரண்டு. புத்தகத்தில் ஒரு பக்கம்: ‘16 ஜூலை 1965. உருளைக்கிழங்கு 2 பை. வெங்காயம் 1 பை. முட்டைக்கோஸ் 12. பூசணி 3, திரும்பியது.’ பிள்ளைகள் குப்பை என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. (வாசகி, லெனேசியா)

அம்மா, குப்பைக்காரன் வருகிற நாளில் அந்த டப்பாவைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுங்கள்.

அந்தத் தேதியைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஹார்ட்டபீஸ்ட்ஹூக் நிலையத்தை நாசா கட்டியது 1961 இல். 26 மீட்டர் அகலக் கிண்ணம். விண்வெளியில் தூரமாகப் போன கலங்களின் பேச்சைக் கேட்க பூமி சுழலச் சுழல ஒரு காதாவது அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அதனால் கலிஃபோர்னியாவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று, நம் மலையடியில் ஒன்று என்று வைத்தார்கள். 1965 ஜூலை 14, 15 இல் மரினர் 4 என்ற கலம் செவ்வாயைக் கடந்து போனது. கிட்டே போய் எடுத்த முதல் செவ்வாய்ப் படங்கள், மொத்தம் இருபத்திரண்டு, கடைசிப் படம் அரைகுறை. அதை அனுப்பிய வேகம் நொடிக்கு எட்டு பிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு படம் முழுதாக வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உங்கள் வீட்டுக்காரர் வெங்காயப் பையை இறக்கிய அந்த வெள்ளிக்கிழமை, படங்கள் புள்ளி புள்ளியாக வந்துகொண்டிருந்தன.

அமெரிக்காவில் பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. கணினி படமாக்கித் தரும்வரை காத்திருக்காமல், எண்கள் அச்சான காகித நாடாக்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று வைத்துக்கொண்டு வண்ணக் கட்டியால் கையாலேயே தீட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை வேலை. அதைச் சட்டம் போட்டு இன்றும் பசடீனாவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் காகிதம் எப்படியோ, உங்களுக்கு இந்தப் பில் புத்தகம் அப்படி.

நிலையத்தின் கதையில் கசப்பும் உண்டு. இங்கே நிறவெறிச் சட்டம் இருந்தது, நிலையம் அதற்குள்தான் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 1974 இல் நாசா மூடிவிட்டு நம் அறிவியல் ஆய்வு மன்றத்திடம் கொடுத்துப் போனது. அதே கிண்ணத்தை வானொலி வானியலுக்குத் திருப்பினார்கள். அந்தக் காலத்துப் போட்டோக்களில் கழுத்துப்பட்டை கட்டிய பொறியாளர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். முட்டைக்கோஸ் கொண்டுவந்தவரைப் பார்த்ததில்லை.

ஆர்ம்ஸ்ட்ராங் 2012 இல் இறந்த பிறகு அவர் மனைவி ஓர் அலமாரியில் வெள்ளைத் துணிப்பை ஒன்றைக் கண்டெடுத்தார். உள்ளே வயர்கள், கொக்கிகள், ஒரு கேமரா. என்ன என்று தெரியாமல் படம் எடுத்து வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக் கேட்டார். சந்திரனில் இறங்கிய ஈகிள் கலத்துக்குள் இருந்த பொருட்கள் அவை. இறங்கும்போது ஜன்னல் வழியாகப் படம் பிடித்த கேமராவே அந்தப் பையில் இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் வீட்டு அலமாரியில் கிடந்திருக்கிறது, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மா செய்ததையே நீங்களும் செய்யுங்கள்: முதலில் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். ஹார்ட்டபீஸ்ட்ஹூக்கில் இன்றும் ஆய்வகம் இயங்குகிறது, அவர்களுக்கு ஒரு கடிதம். வெஸ்ட்வில்லில் குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையத்துக்கு இன்னொன்று. நம் இந்திய மக்களின் காகிதங்களைப் பேணுவது அவர்கள் வேலை. மூலத்தை உடனே யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள், மெர்பேங்க் தம்பிக்குச் சொன்னதுதான்.

அதுவரை: செல்லோடேப் ஒட்டாதீர்கள், காலப்போக்கில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடுபடுத்தி மூடாதீர்கள். தகர டப்பா துருப்பிடித்திருந்தால் வேறு அட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள், ஆனால் அந்த டப்பாவையும் தூர எறியாதீர்கள். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த வருடம், வண்டி யாருடையது என்று குறியுங்கள். புத்தகத்தில் ‘கி.’ ‘மு.’ என்று அவர் சுருக்கி எழுதியிருந்தால் அது என்ன என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும், தனித்தாளில் விரித்து எழுதி உள்ளே வையுங்கள்.

அப்புறம் அந்தப் பூசணி மூன்றும் ஏன் திரும்பி வந்தன என்று அவர் எப்போதாவது சொல்லியிருந்தால், அதையும்.